வலையும் பெயரும்

நுழையும்முன்

அன்றாடம் காணும் சிற்றுயிர்கள் பலவற்றை ஒரே சொல்லால் அழைத்துவிட்டு நாம் கடந்து செல்கிறோம். சிலந்தியும் அவற்றுள் ஒன்று. தோட்டத்தில் வட்டமாக வலை பின்னும் சிலந்திகள் எத்தனை வகையின? அவற்றுக்குப் பெயரிட்டவர்கள் யாவர்? ஒரு பெயர் ஓர் உயிரையோ ஒரு நிலத்தையோ காக்கவும் அழிக்கவும் வல்லதா? மேடவாக்கத்தின் வேலியோரத்தில் தொடங்கும் இவ்வினாக்களுக்கு இப்பாடப்பகுதி விடை தேடுகிறது.

ஊரும் வேலியும்

சென்னையின் தெற்கே, வேளச்சேரிக்கும் தாம்பரத்திற்கும் இடையில் அமைந்த ஊர் மேடவாக்கம். பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம், வேங்கைவாசல், நன்மங்கலம், பள்ளிக்கரணை ஆகிய ஊர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. 'பாக்கம்' என்னும் சொல் நெய்தல் நிலத்து ஊரைக் குறிப்பது. நீரோடும் நிலத்தோடும் இணைந்திருந்த வாழ்வை இப்பெயர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதி, கடந்த சில பத்தாண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அகன்ற சாலைகளும் நிறைந்த புறநகராக மாறிவிட்டது.

ஆயினும், வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த நாள்களில் மதிலோரச் செம்பருத்தியிலும், காலிமனையில் அடர்ந்த செடிகளிலும், நன்மங்கலம் காப்புக்காட்டின் முட்புதர்களிலும் வட்ட வட்டமான வலைகள் தோன்றுகின்றன. விடியற்காலையில் பனித்துளிகள் கோத்து நிற்கும்போது அவற்றின் ஒவ்வோர் இழையும் தனித்தனியே தெரியும். வலையின் நடுவே மஞ்சளும் பழுப்பும் வெள்ளி நிறமும் கலந்த பட்டைகளை உடைய சிலந்தி ஒன்று தலைகீழாக அமர்ந்திருக்கும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நீட்டியிருப்பதால், நான்கு கால்கள் மட்டுமே உள்ளதுபோல் தோன்றும். அக்கால்களின் நீட்சியாகவே வலையில் வெண்ணிற நெளிவுக் கோடுகள் குறுக்காக அமைந்திருக்கும். 'இது என்ன?' என்று கேட்டால், பெரும்பாலோர் தரும் விடை 'எட்டுக்கால் பூச்சி' என்பதே.

பூச்சியா, சிலந்தியா?

'எட்டுக்கால் பூச்சி' என்னும் வழக்குப் பெயர் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதன் முற்பகுதி நுட்பமான கவனிப்பில் பிறந்தது. கால்களை எண்ணிப் பார்த்த ஒருவரே அப்பெயரை இட்டிருக்க இயலும். பிற்பகுதியோ பொதுமைப்படுத்துவது. அறிவியலின்படி பூச்சிகளுக்கு ஆறு கால்கள். உடல், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளை உடையது. சிலந்திக்கு எட்டுக் கால்கள். தலையும் மார்பும் இணைந்த தலைமார்பு, வயிறு என உடலில் இரண்டே பகுதிகள். உணர்கொம்புகளும் சிறகுகளும் அதற்கு இல்லை. இரண்டும் கணுக்காலிகள் என்னும் பெருந்தொகுதியைச் சேர்ந்தவையாயினும், சிலந்தி தேளுக்கும் உண்ணிக்கும் நெருங்கிய உறவுடையது. ஆக, பூச்சி இனத்திலிருந்து சிலந்தியைப் பிரித்துக்காட்டும் சான்றை அவ்வழக்குப் பெயரே தன்னுள் கொண்டிருக்கிறது.

பெயரில் உள்ள 'பூச்சி' என்னும் சொல் வெறும் வகைப்பாட்டுச் சிக்கலோடு நிற்பதில்லை. பூச்சி என்றதும் 'பூச்சிமருந்து' நினைவுக்கு வருகிறது. உண்மையில், சிலந்தி பூச்சிகளை உண்டு வாழ்கிறது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளை வயலிலேயே பிடித்து உண்ணும் இயற்கை எதிரிகளில் சிலந்திகளுக்கு முதன்மையான இடம் உண்டு. மார்ட்டின் நைஃபெலர், கிளாஸ் பிர்க்கோஃபர் ஆகிய ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகிலுள்ள சிலந்திகள் ஆண்டுதோறும் 40 கோடி முதல் 80 கோடி டன் வரையிலான இரையை உண்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி பூச்சிகளே. பூச்சியை உண்ணும் உயிரையே பூச்சியென்று அழைத்து, அதற்கும் சேர்த்து நஞ்சு தெளிப்பது உழவருக்கு இழப்பையே தரும்.

வலை பின்னும் திறன்

வட்ட வலை பின்னும் சிலந்திகளுள் பெரும்பாலானவை அரனெய்டே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பெருங்குடும்பம் இது. இச்சிலந்திகளின் வயிற்றினுள் பலவகைப் பட்டுச் சுரப்பிகள் உள்ளன. வலையின் சட்டத்திற்கு ஒருவகை நூல், இரையைப் பிடிக்கும் சுருளுக்கு ஒருவகை நூல், அச்சுருளின்மேல் பூசப்படும் பசை, இரையைப் பொதிய ஒருவகை நூல், முட்டைக்கூட்டிற்கு ஒருவகை நூல் எனத் தேவைக்கேற்ப அவை சுரக்கின்றன. வயிற்றின் பின்முனையில் உள்ள நூற்பு உறுப்புகள் வழியே வெளிவரும்போது அச்சுரப்பு நூலாக உருப்பெறுகிறது. சட்டம் அமைக்கும் நூல், அதே எடையுள்ள எஃகைவிட வலிமை மிக்கது.

வலை பின்னுதல் ஒழுங்கான படிநிலைகளை உடையது. முதலில் சிலந்தி ஒரு நூலைக் காற்றில் மிதக்க விடுகிறது. அது எதிரிலுள்ள கிளையில் ஒட்டிக்கொண்டதும் அதனையே பாலமாகக் கொள்கிறது. பாலத்தின் நடுவிலிருந்து கீழிறங்கி ஒரு நூலை இறுக்கிக் கட்ட, மூன்று கிளைகளையுடைய கவை போன்ற வடிவம் அமைகிறது. கவையின் கூடுமிடமே வலையின் மையம். அம்மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் நூல்கள் பல இழுத்துக் கட்டப்படுகின்றன. பின்னர், பசையற்ற நூலால் மையத்திலிருந்து வெளிநோக்கி ஒரு தற்காலிகச் சுருள் அமைக்கப்படுகிறது. கட்டடத் தொழிலாளர் சாரம் கட்டி அதன்மேல் நின்று வேலை செய்வதுபோல், அச்சுருளின்மேல் நடந்தவாறே சிலந்தி வெளியிலிருந்து உள்நோக்கிப் பசையுள்ள சுருளைப் பின்னுகிறது. வேலை முடிய முடியச் சாரத்தைப் பிரித்துவிடுகிறது.

வட்ட வலைச் சிலந்திகளின் பார்வை கூர்மையற்றது. வலையில் எழும் அதிர்வுகளைக் கால்களால் உணர்ந்தே, சிக்கியது இரையா, காற்றில் வந்த சருகா என்பதை அவை அறிகின்றன. பசை உலர்ந்து, இழைகள் அறுந்து பழுதுபட்ட வலையைச் சிலந்தி தானே உண்டுவிட்டுப் புதியதைப் பின்னுகிறது. பழைய நூலின் புரதம் புதிய நூலுக்கு மூலப்பொருளாகிறது. நியோஸ்கோனா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் அந்தி மயங்கியதும் வலை கட்டி, விடியுமுன் அதை அகற்றிவிடுகின்றன. பகலில் அவற்றைக் காணாதவர், தம் தோட்டத்தில் அவை வாழ்வதையே அறிவதில்லை.

கையொப்பமிட்ட வலை

மேடவாக்கத்தின் வேலியோரத்தில் கண்ட மஞ்சள் பட்டைச் சிலந்தி ஆர்ஜியோப் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கிரேக்கத் தொன்மக் கதைமாந்தர் ஒருவரின் பெயரே அப்பேரினத்திற்கு இடப்பட்டுள்ளது. ஒளிரும் முகத்தை உடையவள் என்பது அதன் பொருள். தென்னிந்தியத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் ஆர்ஜியோப் அனசுஜா என்னும் சிற்றினத்திற்கு 1887-இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் தோரெல். 'அழகுச் சிறியது' என்னும் பொருள்பட ஆர்ஜியோப் புல்கெல்லா என்னும் மற்றொரு சிற்றினத்திற்கு 1881-இல் பெயரிட்டவரும் அவரே. வலையில் காணப்படும் வெண்ணிற நெளிவுக் கோடுகள் கையொப்பம் போல் தோன்றுவதால், இவற்றைக் 'கையெழுத்துச் சிலந்தி' என்று அழைக்கின்றனர்.

அக்கோடுகளுக்கு அறிவியலார் இட்ட பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. அவை வலைக்கு உறுதி தருகின்றன என்று தொடக்கத்தில் கருதியவர்கள், உறுதியூட்டும் அமைப்பு என்னும் பொருளில் 'ஸ்டெபிலிமென்டம்' என்று இலத்தீனில் பெயரிட்டனர். பின்வந்த ஆய்வுகள் வேறு விளக்கங்களை முன்வைத்தன. 1983-இல் தாமஸ் ஐஸ்னர், ஸ்டீபன் நோவிக்கி ஆகியோர், இக்கோடுகள் அற்ற வலைகளில் செயற்கையான வெண்குறிகளைப் பொருத்திப் பார்த்தனர். குறியிட்ட வலைகள் பறவைகள் மோதிச் சிதையாமல் நெடுநேரம் நிலைத்தன. 1990-இல் கேத்தரின் கிரெய்க், கேரி பெர்னார்ட் ஆகியோர், இக்கோடுகள் புற ஊதாக் கதிர்களைத் திருப்பி அனுப்பிப் பூச்சிகளை ஈர்க்கின்றன என்று காட்டினர். சிலந்தியின் உருவத்தை மறைக்க அவை உதவுகின்றன என்போரும் உளர். விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால், முதலில் இட்ட பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு பெயர் உண்மையைக் கூறலாம். பெயரிட்டவரின் ஊகத்தையும் கூறலாம். இரண்டையும் பிரித்தறிவது கற்போரின் கடமை.

தமிழில் சிலந்தி

தமிழில் சிலந்திக்குச் 'சிலம்பி' என்னும் பழம்பெயர் உண்டு. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை கூதிர்க்காலத்தைக் காட்டும்போது, பயன்பாடின்றிச் சுருக்கித் தொங்கவிடப்பட்ட விசிறியின்மேல் சிலம்பி நூல் பின்னியிருப்பதைக் குறிப்பிடுகிறது. குளிர் மிகுந்ததால் விசிறியை எவரும் எடுக்கவில்லை. எவரும் எடுக்காததால் சிலம்பி அதில் வலை பின்னியது. ஒரு சிற்றுயிரின் செயலைக்கொண்டு ஒரு பருவத்தையே உணர்த்திய கூர்ந்த நோக்கு அப்புலவருடையது.

சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் கோச்செங்கட் சோழர் வரலாற்றிலும் சிலந்தி இடம்பெறுகிறது. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இறைவன் திருமேனிமேல் சருகுகள் உதிராமல் இருக்கச் சிலந்தி ஒன்று மேற்கட்டியாக வலை பின்னியது. அங்கு வழிபட வந்த யானை, அவ்வலையைத் தூய்மையற்றது எனக் கருதி அழித்தது. அச்சிலந்தியே மறுபிறப்பில் சோழ மன்னராகப் பிறந்தது என்பது அவ்வரலாறு. ஒரே வலை, பின்னிய உயிருக்கு விதானம். பார்த்த உயிருக்கு அழுக்கு.

இவ்விரு பார்வைகளும் அன்றாட வழக்கிலும் உண்டு. வீட்டு மூலைகளில் தூசு படிந்து தொங்குவதை 'ஒட்டடை' என்றும் 'நூலாம்படை' என்றும் தமிழர் அழைக்கின்றனர். பொங்கலுக்கு முன் ஒட்டடை அடிப்பது வழக்கம். அவ்வொட்டடை, நீண்டு மெலிந்த கால்களையுடைய வீட்டுச் சிலந்திகள் ஒழுங்கின்றிப் பின்னிக் கைவிட்ட இழைகளில் தூசு சேர்ந்து உண்டாவது. வேலியோர வட்ட வலையோ அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. தூசு படிவதற்குள் சிலந்தியே அதனை அகற்றிவிடும். பின்னும் முறை, பயன்படும் காலம், பின்னிய இனம் ஆகிய அனைத்திலும் வேறுபட்ட இரண்டையும் ஒரே துடைப்பத்தால் அகற்றுவது, பெயரால் நேரும் குழப்பத்திற்கு மற்றொரு சான்று.

இருசொற் பெயர்

வழக்குப் பெயர்கள் இனிமையானவை; ஆனால் இடத்திற்கு இடம் மாறுபவை. ஆங்கிலத்தில் 'தோட்டச் சிலந்தி' என்று ஐரோப்பியர் கூறுவது, முதுகில் சிலுவை போன்ற வெண்குறியையுடைய அரனியஸ் டயடெமேட்டஸ் என்னும் சிற்றினத்தை. வட அமெரிக்கர் அதே பெயரால் அழைப்பது ஆர்ஜியோப் ஔரன்டியா என்னும் வேறொரு சிற்றினத்தை. இந்தியர் அப்பெயரைக் கூறும்போது மூன்றாவதாக வேறொன்றைச் சுட்டுவர். மூவரும் ஒரே பெயரைச் சொல்லி மூன்று உயிர்களைக் குறிப்பிடுவதால், ஒருவர் கண்டறிந்த செய்தி மற்றவருக்குப் பயன்படாமல் போகும்.

இச்சிக்கலைத் தீர்த்தது இருசொற் பெயரிடும் முறை. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். புதிய சிற்றினம் ஒன்றுக்குப் பெயரிட விரும்புவோர், அது ஏனைய உறவினங்களிலிருந்து வேறுபடும் கூறுகளை விளக்கி வெளியிட வேண்டும். அதற்குச் சான்றாக ஓர் உடலத்தை 'வகைமாதிரி' எனக் குறித்துப் பாதுகாக்கவும் வேண்டும். ஒரே உயிருக்கு இருவர் பெயரிட்டிருந்தால் முதலில் வெளியான பெயருக்கே பொதுவாக முன்னுரிமை தரப்படும்.

தெரிந்து தெளிவோம்

விலங்குகளின் அறிவியற் பெயர்களுக்கு, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன் இடப்பட்ட பெயர்கள் ஏற்கப்படுவதில்லை. இவ்விதிக்கு ஒரே விலக்கு சிலந்திகள். கார்ல் கிளெர்க் என்பவர் 1757-இல் சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இருசொற் பெயரிடும் முறையைச் சீராகக் கையாண்டிருந்தார். எனவே, அவர் இட்ட பெயர்கள் மட்டும் லின்னேயஸின் பெயர்களுக்கும் முந்தியவையாக ஏற்கப்பட்டன. அரனியஸ் டயடெமேட்டஸ் அவற்றுள் ஒன்று.

தரங்கம்பாடியிலிருந்து தானே வரை

லின்னேயஸின் மாணவர் ஃபெப்ரீசியஸ். டென்மார்க் நாட்டவரான இவர், பூச்சிகளையும் சிலந்திகளையும் பெருமளவில் வகைப்படுத்தியவர். அக்காலத்தில் தமிழகக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தது. அங்கிருந்து சேகரித்து அனுப்பப்பட்ட சிற்றுயிர்கள் பலவற்றுக்கு அவர் பெயரிட்டார். தமிழ்நாட்டின் காடுகளில் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பொன்னிற வலையைப் பின்னும் பெருஞ்சிலந்திக்கும் அவரே 1793-இல் பெயர் வழங்கினார். அது இன்று நெபிலா பிலிபெஸ் எனப்படுகிறது. நெபிலா என்றால் நூற்பதை விரும்புவது. பிலிபெஸ் என்றால் மயிரடர்ந்த காலை உடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் முட்சிலந்தி ஒன்றுக்கு 1798-இல் அவர் இட்ட பெயர், கேஸ்டராகாந்தா ஜெமினேட்டா என இன்று வழங்குகிறது. பேரினப் பெயருக்கு முள்வயிறு என்பது பொருள்.

அறிவு வளர வளரப் பெயர்களும் திருத்தம் பெறுகின்றன. பழைய நூல்களில் நெபிலா மாகுலேட்டா என்று வழங்கிய சிலந்தியே இன்று நெபிலா பிலிபெஸ் என்று அறியப்படுகிறது. அப்பேரினம் எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் பலமுறை மாற்றப்பட்டது. அரனெய்டே குடும்பமே ஒரு காலத்தில் ஆர்ஜியோபிடே எனவும் வழங்கியது. இத்தகைய மாற்றங்கள் புதிய சான்றுகளை ஏற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவியலின் இயல்பைக் காட்டுகின்றன.

இந்தியச் சிலந்திகளைப் பற்றிய முறையான நூலாகப் போக்காக் எழுதிய தொகுதி 1900-இல் வெளிவந்தது. 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய கிரேவ்லி, இந்தியச் சிலந்திகளை ஆராய்ந்து பல சிற்றினங்களை விளக்கினார். விடுதலைக்குப் பின் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பி. கே. டிகேடர் இப்பணியைப் பெரிதும் முன்னெடுத்தார். வட்ட வலைச் சிலந்திகளை விளக்கும் அவரது தொகுதி 1982-இலும், இந்தியச் சிலந்திகள் பற்றிய கையேடு 1987-இலும் வெளிவந்தன. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் தொடங்கிய இந்தியச் சிலந்திகளின் வரலாறு இந்தியர் கைக்கு வந்தது.

2016-இல் கர்நாடக மாநிலத்தின் மேற்குத்தொடர்ச்சி மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட வட்ட வலைச் சிலந்தி ஒன்று, காய்ந்த இலை சுருண்டது போன்ற கூம்பு வடிவ உடலைக் கொண்டிருந்தது. அவ்வடிவம் 'ஹாரி பாட்டர்' கதையில் வரும் மந்திரத் தொப்பியை நினைவூட்டவே, கதையில் அத்தொப்பிக்கு உரியவரான கிரிஃபின்டோர் பெயரால் எரியோவிக்சியா கிரிஃபின்டோரி என்று பெயரிட்டனர். 2021-இல் மும்பையை அடுத்த தானே பகுதியில் கண்டறியப்பட்ட குதிக்கும் சிலந்திக்கு ஐசியஸ் துக்காராமி என்று பெயரிடப்பட்டது. 2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலின்போது, உடலில் குண்டுகள் பாய்ந்தும் பயங்கரவாதியை விடாமல் பற்றிக்கொண்டு உயிர்நீத்த காவலர் துக்காராம் ஓம்பிளேயின் நினைவு அச்சிற்றுயிரின் பெயரில் நிலைபெற்றது. கதை, நன்றி, நிலம், வடிவம் என எதுவும் பெயருக்கு அடிப்படையாகலாம் என்பதை இவை உணர்த்துகின்றன.

2022-இல் உலகச் சிலந்திப் பட்டியலில் 50,000-ஆவது சிற்றினம் இடம்பெற்றது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த குதிக்கும் சிலந்தி அது. இந்தியாவில் மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. தானே போன்ற நகர்ப்புறப் பகுதியிலேயே புதிய சிற்றினம் கிடைத்தது என்பது, பெயர்பெறாத உயிர்களைத் தேடத் தொலைதூரக் காட்டிற்கே செல்ல வேண்டியதில்லை என்பதைக் காட்டுகிறது.

தமிழ்ப் பெயர் தேவையா?

அறிவியற் பெயர் உலகத்தோடு பேச உதவுகிறது. தாய்மொழிப் பெயர் ஊரோடு பேச உதவுகிறது. கையெழுத்துச் சிலந்தி, முட்சிலந்தி, கூடாரச் சிலந்தி, பொன்வலைச் சிலந்தி போன்ற பெயர்கள் கேட்ட அளவில் பொருள் விளங்குபவை. செடிகளுக்கிடையே கூடாரம் போன்ற வலையை விரிக்கும் சைர்டோஃபோரா என்னும் பேரினத்தைக் 'கூடாரச் சிலந்தி' என்று ஒருமுறை கேட்டவர், அடுத்தமுறை அவ்வலையைக் கண்டதும் அடையாளம் காண்பர். சிறிது நேரம் நின்று பார்த்தால், அது பசையற்ற வலை என்பதையும், வட்ட வலைச் சிலந்திகளின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதன் பின்னல்முறை வேறுபட்டது என்பதையும் அறிவர்.

பெயர் ஆக்கும்போது மூன்றைக் கருதுதல் வேண்டும். பெயர், உயிரின் உண்மையான இயல்பைச் சுட்ட வேண்டும். ஏற்கெனவே மக்கள் வழக்கில் பெயர் இருந்தால் அதனை முதலில் தேடிப் பதிவு செய்ய வேண்டும். ஒரே பெயரை இரு சிற்றினங்களுக்கு வழங்காமல் இருக்க வேண்டும். உழவர், மீனவர், மலைவாழ் மக்கள் ஆகியோரிடம் வழங்கும் சிற்றுயிர்ப் பெயர்களைக் கேட்டறிந்து எழுதிவைப்பது, அகராதிப் பணியாகவும் சூழலியற் பணியாகவும் அமையும்.

பெயரும் நிலமும்

பெயர் ஒன்றின் விளைவை அறிய மேடவாக்கத்தை அடுத்த பள்ளிக்கரணையே தக்க சான்று. மழைநீர் வந்து தங்கிக் கடலை நோக்கி வடியும் அப்பரந்த ஈரநிலத்தைக் 'கழுவெளி' என்று மக்கள் அழைத்தனர். நீர் பரந்து நிற்கும் வெளி என்னும் இயல்பை அறிந்து வழங்கிய பெயர் அது. ஆனால், விளைச்சலையும் வரியையும் கொண்டு நிலத்தை மதிப்பிட்ட நோக்கில் அது பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது. பயனற்றது என்று எண்ணிய இடத்தில் குப்பை கொட்டப்பட்டது, கட்டடங்கள் எழுந்தன, சதுப்புநிலம் பல மடங்கு சுருங்கியது. தங்க இடமிழந்த மழைநீர், பெருமழைக் காலங்களில் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

பறவைகளையும் மீன்களையும் செடிகளையும் இனம்கண்டு பெயரோடு பட்டியலிட்ட இயற்கை ஆர்வலர்களின் உழைப்பு அப்பார்வையை மாற்றியது. 2007-இல் சதுப்புநிலத்தின் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நிலம் அதேதான், அதற்கு வழங்கிய பெயரும் அப்பெயரின் பின்னுள்ள அறிவும் மாறின. 'இங்கு ஏதோ பறவைகள் உள்ளன' என்று கூறுவதைவிட, இன்னின்ன பறவைகள் இத்தனை உள்ளன என்று கூறும் பட்டியலுக்கே அரசின் முன்னும் அறமன்றத்தின் முன்னும் வலிமை உண்டு.

சிலந்திக்கும் இது பொருந்தும். 'ஏதோ எட்டுக்கால் பூச்சி' என்றிருக்கும்வரை, ஒரு காலிமனையின் புதர் அழிவதால் எவை அழிந்தன என்பதை எவரும் கணக்கிட இயலாது. கையெழுத்துச் சிலந்தி, முட்சிலந்தி, கூடாரச் சிலந்தி, இரவில் வலை கட்டும் நியோஸ்கோனா என்று பெயரறிந்து கூறும்போது, அதே புதர் பல உயிர்களின் உறைவிடமாகத் தெரிகிறது. இத்தோட்டச் சிலந்திகள் மனிதரைத் தேடிவந்து கடிப்பவை அல்ல. கையில் பிடிக்காமலும் வலையைக் கலைக்காமலும் தொலைவில் நின்று காண்பதே அவற்றைக் கற்கும் முறை. எத்தனை கோடுகள், எந்நிறம், எந்நேரத்தில் வலை, எந்தச் செடியில் என்று ஒரு பருவம் முழுவதும் குறித்துவரும் மாணவரின் ஏடு, அவ்வூரின் உயிர்வளத்திற்கு ஓர் ஆவணமாகும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ காணும் வலைகளைத் தொடாமல் ஒரு வாரம் உற்றுநோக்கி, வலையின் வடிவம், அமைந்த இடம், சிலந்தி அமரும் முறை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் வழங்கும் வட்டாரப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அப்பெயர்களுக்கான காரணங்களைக் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர்ப்பெயரும் அருகிலுள்ள ஏரி, குளங்களின் பெயர்களும் அந்நிலத்தின் பழைய இயல்பைப் பற்றி உணர்த்துவன யாவை என ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 'வழக்குப் பெயரா, அறிவியற் பெயரா: உயிர்களைக் காக்கப் பெரிதும் துணைபுரிவது எது?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.